பனி கொட்டும் ஊரில் மகளுக்கு முதல் குளிர்காலம்: காரில் என்னென்ன செய்யச் சொல்ல வேண்டும்?

வலங்கைமான் டிரைவர் (செப்டம்பர் 24)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் வலங்கைமான். கும்பகோணத்தில் 28 வருஷம் டூரிஸ்ட் வண்டி ஓட்டினேன். அம்பாசிடரில் ஆரம்பித்து இன்னோவாவில் நிறுத்தினேன். விடியற்காலை திங்களூரில் தொடங்கி ராத்திரி திருநள்ளாறில் முடிகிற நவக்கிரகச் சுற்று எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே கிடையாது. வண்டி விஷயத்தில் இதுவரை யாரிடமும் யோசனை கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

என் மகள் நர்ஸ். இந்த மே மாதம் கனடாவில் விண்ணிப்பெக் என்ற ஊருக்குப் போனாள். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காலை டியூட்டி ஆறே முக்காலுக்கு. பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும், அந்த நேரத்துக்கு அது சரியாகக் கிடைப்பதில்லை. அதனால் ஆகஸ்டில் ஒரு பழைய கொரோலா வாங்கினாள். 2013 மாடல், பெட்ரோல், ஆட்டோமேட்டிக், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. வண்டி வாங்கும்போது போனில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் சரி என்றேன்.

அவளுக்கு நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். குடமுருட்டிக் கரை ரோட்டில், மழைக்காலத்தில். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், எதிரே ஒரு மினி பஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் பனியை நானும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த குளிர் மார்கழி மாதம் கொள்ளிடம் பாலத்தில் கண்ணாடி மூடுகிற மூடுபனிதான். அங்கே மைனஸ் 30 ஆகுமாம். "என்னப்பா செய்யணும்?" என்று வாரம் ஒரு தடவை கேட்கிறாள். நான் எதைச் சொல்ல?

கூட வேலை செய்கிற ஒருவர் நான்கு டயரும் மாற்றியே ஆக வேண்டும் என்கிறாராம். இன்னொருவர் வண்டியில் இருக்கிற ஆல் சீசன் டயரே போதும், காசை வீணாக்காதே என்கிறாராம். ஊரில் வீட்டுக் கடனுக்கு அவள்தான் மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். அதனால் தனக்கென்று செலவு செய்ய யோசிப்பாள். உண்மையிலேயே அவசியம் என்றால் நானே இங்கே ஏதாவது புரட்டி அந்தப் பணத்தைக் கட்டிவிடுவேன். அந்தக் குளிரில் ஓட்டி அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நன்னிலத்தான் (செப்டம்பர் 24)

ஐயா வணக்கம். நான் கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 11 வருஷம் இருந்தேன், அதில் 8 வருஷம் உங்கள் மகள் இருக்கிற விண்ணிப்பெக்கில். வீடு வீடாகப் பார்சல் போடுகிற வேலை, குளிர்காலம் முழுக்க ரோட்டில்தான். இரண்டு வருஷமாக நன்னிலம் பக்கம் அப்பாவின் நிலத்தைப் பார்க்கிறேன். இப்போது குறுவை அறுப்பு நடக்கிறது. வரப்பில் உட்கார்ந்து போனிலேயே எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயர் மாற்ற வேண்டும். நான்கும். இதில் யோசிக்கவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன், உங்களுக்கு உடனே புரியும். இந்த மாதத்தில் அறுப்பு மிஷினும் டிராக்டரும் வயலிலிருந்து ஏறி, தார் ரோட்டில் களிமண்ணை இழுத்துவிட்டுப் போகும். அதன்மேல் பத்து நிமிஷம் தூறல் விழுந்தால் எப்படி இருக்கும்? பிரேக் மிதித்தாலும் வண்டி நிற்காது, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போகும். நாம் அந்த ஐம்பது அடியைத் தாண்டினால் தப்பித்தோம். அங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை ஊர் முழுக்க அந்த ஐம்பது அடிதான்.

சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனதும் இறுக ஆரம்பிக்கும். மைனஸ் 20ல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். ஆல் சீசன் என்று பெயர் இருந்தாலும் அதுவும் அந்தக் குளிருக்குத் தாங்காது. குளிர்கால டயரின் ரப்பரே வேறு, எவ்வளவு குளிர்ந்தாலும் மிருதுவாக இருக்கும். டயரின் பட்டனில், அதாவது ரோட்டில் படுகிற மேடுகளில், பிளேடால் கீறினது போலச் சின்னச் சின்னக் கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்த விளிம்புகள்தான் பனியைக் கடித்துப் பிடிக்கும். டயர் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ, இந்தப் படம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெறுமனே எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம். பழைய குளிர்கால டயர் மலிவாகக் கிடைக்கிறது என்றால் பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்.

கொரோலா முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் முன்னால் இரண்டு மட்டும் போதும் என்று யாராவது சொல்லுவார்கள். கேட்க வேண்டாம். முன்பக்கம் பிடித்து நிற்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் வால் சுற்றிக்கொண்டு முன்னே வந்துவிடும்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது. மனிடோபாவில் அப்படிச் சட்டம் இல்லை. அதனால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நானும் முதல் வருஷம் அப்படி ஒருவர் பேச்சைக் கேட்டு ஆல் சீசனிலேயே ஓட்டினேன். நவம்பர் கடைசி, சாயங்காலம் நான்கரை மணி, இருட்டிக்கொண்டிருந்தது. சிக்னல் சிவப்பு. முப்பதில்தான் போனேன், தூரத்திலேயே பிரேக்கை மிதித்தேன். காலடியில் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கைத் தானே விட்டு விட்டுப் பிடிக்கிற அமைப்பு) கடகடவென்று உதறுகிறது, வண்டி வேகமே குறையாமல் போகிறது. நிறுத்தக் கோடு வந்தது, போனது. நடு சந்திப்பில் போய்த்தான் நின்றேன். இடது பக்கமிருந்து வந்த பிக்கப் வண்டிக்காரர் ஹார்னை அமுக்கிக்கொண்டே என் மூக்குக்கு நேரே ஒடித்துத் திருப்பினார். அவர் வண்டியில் நல்ல டயர் இருந்தது, அதனால் நான் இன்று எழுதுகிறேன். மறுநாள் லீவு போட்டு டயர் வாங்கினேன்.

செலவைப் பற்றி ஒன்று. நான்கு டயரையும் தனி இரும்பு ரிம்மோடு வாங்கச் சொல்லுங்கள். முதலில் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டுகிற கூலி மிச்சம், ஜாக்கி வைத்து ஸ்டெப்னி மாற்றுகிற மாதிரி மாற்றிவிடலாம். கோடை டயர் ஐந்தாறு மாதம் ஓய்வில் இருப்பதால் அதற்கும் ஆயுள் கூடும். தவிர, மனிடோபாவில் வண்டி இன்சூரன்ஸ் அரசு நிறுவனத்திடம்தான். அவர்களே குளிர்கால டயருக்குத் தவணைக் கடன் தருகிறார்கள். அவள் இன்சூரன்ஸ் எடுத்த இடத்தில் கேட்டாலே சொல்லுவார்கள். உங்கள் பணத்தைத் தொட வேண்டியிருக்காது.

அடுத்தது பிளாக் ஹீட்டர். இது நம் ஊரில் யாரும் கேள்விப்படாத பொருள். இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்ன ஹீட்டர் பொருத்தி, அதன் ஒயரை முன் பம்பர் வழியாக வெளியே விட்டிருப்பார்கள். நுனியில் ஒரு பிளக் தொங்கும். வீட்டிலும் ஆபீஸ் பார்க்கிங்கிலும் அதற்காகவே பிளக் பாயிண்ட் வைத்த கம்பங்கள் நிற்கும். மைனஸ் 15க்குக் கீழே போகும் ராத்திரிகளில் அதைச் சொருக வேண்டும். ஒரு மிக்ஸி இழுக்கிற அளவு கரண்ட்தான். ராத்திரி முழுக்கத் தேவையில்லை, டைமர் போட்டு, கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் ஓடினால் போதும். உங்கள் மகள் நாளைக்கே பம்பருக்குள் அந்த பிளக் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் இப்போதே போட்டுவிட வேண்டும், குளிர் வந்தபின் பட்டறையில் இடம் கிடைக்காது.

வைப்பர் டப்பாவில் தண்ணீர் இருந்தால் காலி செய்துவிட்டு, மைனஸ் 40 என்று எழுதியிருக்கும் நீல திரவத்தை ஊற்ற வேண்டும். டேங்க் எப்போதும் பாதிக்கு மேல். பிரஷும் சுரண்டியும் சேர்ந்த ஒரு குச்சி விற்கும், அது வண்டிக்குள் இருக்க வேண்டும், டிக்கியில் வேண்டாம். டிக்கியே உறைந்து திறக்காமல் போகும்.

டயர் மாற்றுகிற தேதி: தீபாவளிக்கு முன்னால். அக்டோபர் நடுவிலேயே ஊர் முழுக்க எல்லாரும் கடைக்கு ஓடுவார்கள், அப்புறம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

திருவாரூர் பட்டறை (செப்டம்பர் 25)

அண்ணே, நான் பனி பார்த்ததில்லை. ஆனால் பேட்டரியும் ஆயிலும் எனக்குத் தெரியும், அதை மட்டும் சொல்கிறேன்.

நம் ஊரில் பேட்டரி வாங்கும்போது எத்தனை ஏ.ஹெச்., அதாவது எவ்வளவு கரண்ட் சேமிக்கும் என்றுதான் கேட்போம். அங்கே சி.சி.ஏ. என்று ஒரு எண் பார்ப்பார்கள். மைனஸ் 18ல் முப்பது செகண்ட் எவ்வளவு ஆம்பியர் தள்ளும் என்பதன் கணக்கு அது. அந்தக் குளிரில் பேட்டரிக்குக் கிட்டத்தட்டப் பாதி பலம்தான் இருக்கும். அதே நேரம் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுற்றவே கூடுதல் பலம் வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் செல்ஃப் எடுக்காமல் போகிறது. இங்கே நான்கு வருஷம் ஓடின பேட்டரி ஒரு தள்ளு தள்ளினால் ஓடிவிடும். அவளுடையது ஆட்டோமேட்டிக், தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. வயது நான்கைத் தாண்டியிருந்தால் சோதித்துப் பார்த்து, கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. கூலன்ட்டைத் தனியாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. கூலன்ட்டில் இருக்கிற கிளைக்கால் என்ற திரவம் தண்ணீர் சேராவிட்டால் மைனஸ் 13லேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி அல்லது அறுபதுக்கு நாற்பது, அதற்குமேல் போகக் கூடாது. நம் ஊர் வழக்கத்தில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் அவள் மறந்தும் செய்யக் கூடாது. உறைந்தால் தண்ணீர் விரியும், பிளாக்கே வெடித்துவிடும்.

ஆயில் டப்பாவில் டபிள்யூ என்று இருக்கிற எழுத்தே விண்டரைத்தான் குறிக்கும். அதற்கு முன்னால் இருக்கிற எண் சின்னதாக இருந்தால் குளிரில் இளக்கமாக இருக்கும். நாம் அம்பாசிடருக்கு 20டபிள்யூ-40 ஊற்றினோம், அதை மைனஸ் 30ல் ஊற்றினால் வெல்லப்பாகு. அந்த கொரோலாவுக்கு 0டபிள்யூ-20தான். சர்வீஸ் செய்யும்போது பில்லில் அதை எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கட்டும்.

இன்னொன்று. அங்கே ரோட்டில் உப்பு தூவுவார்கள் என்று படித்தேன். வேதாரண்யம் உப்பளத்துக்குப் போய்வருகிற வண்டி என் பட்டறைக்கு வரும்போது அடிப்பக்கம் பார்த்திருக்கிறேன். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கீழே சைலன்சர் தாங்கியைக் கையால் பிடித்தால் ஏடு ஏடாக உதிரும். பிரேக் பைப்பும் அப்படித்தான் போகும். குளிருக்கு முன்னால் அடியில் துருத் தடுப்பு அடித்துவிட்டு, குளிர்காலத்தில் கொஞ்சம் இளகிய நாளாகப் பார்த்து அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள்.

வலங்கைமான் டிரைவர் (செப்டம்பர் 28)

தம்பிகளுக்கு ரொம்ப நன்றி. நன்னிலத்துத் தம்பி எழுதியதை அவளுக்கு அப்படியே அனுப்பினேன். சேற்று ரோடு உதாரணத்தைப் படித்ததும், "அப்பா, இப்போ புரியுது, டயர் வாங்கிடறேன்" என்றாள். கடன் திட்டம் பற்றிக் கேட்டுவிட்டாள், அவளுக்குக் கிடைக்குமாம்.

பம்பரைப் பார்த்தாள். வீடியோ காலில் நானும் பார்த்தேன். பிளக் வெளியே இல்லை. கிரில்லுக்குப் பின்னால் ஒயர் இருக்கிறது, நுனி வெட்டுப்பட்டு டேப் சுற்றியிருக்கிறது. விற்றவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார். எனக்கு மனது கொதித்தது, ஏனென்றால் வண்டி பார்க்கும்போது நான் கேட்ட கேள்விகளில் அது இல்லை, கேட்க எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் காட்டினாளாம், ஹீட்டர் நன்றாக இருக்கிறது, ஒயர் மட்டும் மாற்றினால் போதும் என்றார்களாம்.

இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்று, வழுக்கும் இடத்தில் விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்று அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அம்பாசிடரில் நான் அப்படித்தான் 12 வருஷம் ஓட்டினேன். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் பனியில் எப்படி? இரண்டாவது, வழியில் வண்டி நின்றுவிட்டால்? இங்கே நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒரு மணி நேரம் நின்றால்கூட இறங்கி ஒரு டீ குடிக்கலாம். அங்கே மைனஸ் முப்பதில் ஒரு பெண் தனியாக நின்றால் என்ன செய்வாள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மன்னார்குடிப் பெண் (செப்டம்பர் 29)

ஐயா, நான் மன்னார்குடி, இப்போது மான்ட்ரியலில் ஒன்பதாவது குளிர்காலம். என் அப்பாவும் இதே கேள்வியைக் கேட்டு ராத்திரி ராத்திரி போன் செய்வார். பயப்படாதீர்கள், முன்யோசனை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி நின்றுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. பனிப்புயலில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வண்டிக்குள் இருந்தால்தான் தேடி வருகிறவர்கள் கண்ணில் படுவாள். அதற்கு வண்டிக்குள் பொருள் இருக்க வேண்டும். என் பின்சீட்டில் ஒரு பெட்டி எப்போதும் இருக்கும். தடிப்பான கம்பளி, கூடுதல் கையுறை, காலுறை, குல்லாய், டார்ச், பனி அள்ளுகிற சின்ன ஷவல், ஜம்பர் கேபிள், போன் சார்ஜர், ஒரு தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும். மெழுகுவர்த்தி ஒன்று எரிந்தாலே மூடிய காருக்குள் குளிர் கொஞ்சம் அடங்கும், ஆனால் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைக்க வேண்டும். தின்பதற்கு நான் அம்மா அனுப்புகிற கடலை உருண்டை வைத்திருக்கிறேன். அது உறைந்தாலும் வாயில் போட்டால் கரையும், சாக்லேட் பாறை மாதிரி ஆகிவிடும்.

இப்போது நான் சொல்வதைத் தயவுசெய்து அவளிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். பனியில் மாட்டிக்கொண்டு ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விட்டால், முதலில் இறங்கிப் போய் சைலன்சர் வாயைச் சுற்றியுள்ள பனியை அள்ள வேண்டும். மூன்றாவது வருஷம், ஒரு பெரிய பனிக்குப் பிறகு தெருவோரம் நிறுத்தியிருந்த வண்டியைக் கிளப்பினேன். பனி அள்ளும் இயந்திரம் போகிற போக்கில் வண்டியின் பின்பக்கத்தை இடுப்பளவு மூடிவிட்டிருந்தது. நான் முன்கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஹீட்டர் போட்டு போன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் தலை கனத்தது, வாந்தி வருகிற மாதிரி இருந்தது. நல்லவேளை, எதிர்வீட்டுப் பெரியவர் ஷவலோடு ஓடிவந்து கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்தார். அவர் பிரெஞ்சில் கத்தியது எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் சைலன்சரைக் கையால் காட்டினார். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. வெளியே போக வழியில்லாமல் அது காருக்குள் வந்திருக்கிறது. அன்றிலிருந்து சாவியைத் திருகுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் ஏறுவேன்.

வண்டியின் கூரையில் உள்ள பனியையும் முழுக்கத் தள்ள வேண்டும். பிரேக் போட்டதும் அது அப்படியே சரிந்து முன்கண்ணாடியை மூடும், அல்லது பறந்து பின்னால் வருகிறவர் மேல் விழும். கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றக் கூடாது, விரிசல் விழுந்துவிடும். கதவு ரப்பரில் சிலிகான் தடவி வைத்தால் கதவு ஒட்டிக்கொள்ளாது. உள்ளே கண்ணாடி மூடினால் காற்றை வெளியிலிருந்து எடுக்கும்படி வைத்து, ஏ.சி.யும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அடைமழையில் நீங்கள் செய்வதேதான்.

தனியாக ஒரு பெண் என்பதால் இன்னொன்று சேர்க்கிறேன். எந்த வழியில் போகிறாள், எத்தனை மணிக்குச் சேருவாள் என்பதை யாராவது ஒருவருக்கு மெசேஜ் போட்டுவிட்டுக் கிளம்பட்டும். நானும் என் தோழியும் ஒன்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறோம்.

நன்னிலத்தான் (செப்டம்பர் 29)

ஐயா, பிரேக் விஷயம். ஏ.பி.எஸ். இருந்தால் விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. அந்த வேலையை வண்டியே செய்யும், காலால் செய்ய முடியாத வேகத்தில் செய்யும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, போக வேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பெடல் உதறும்போது பயந்து காலை எடுத்துவிடுவார்கள், எடுக்கக் கூடாது. நீங்களே போன் செய்து, "நான் சொல்லிக்கொடுத்ததை மாற்றிக்கொள்" என்று உங்கள் வாயால் சொன்னால்தான் அவள் மாற்றுவாள். அப்பா கற்றுக்கொடுத்தது காலில் ஊறியிருக்கும்.

மற்றபடி உங்கள் மழைப் பாடம் எல்லாம் செல்லும். மெதுவாக எடுப்பது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, நடுவளைவில் பிரேக் தொடாமல் இருப்பது. முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டினதும் எண்ண ஆரம்பித்து, பத்து எண்ணுவதற்குள் நம் வண்டி அந்தக் கம்பத்துக்கு வந்தால் நெருக்கம் அதிகம். வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கிற குரூஸ் கன்ட்ரோலைத் தொடவே கூடாது. வண்டி வழுக்கினால் கண் தப்பிக்க வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், மோதப் போகிற மரத்தைப் பார்த்தால் கை அங்கேதான் திருப்பும்.

கடும் குளிர்தான் ஆபத்து என்று அவள் நினைப்பாள். உண்மையில் பூஜ்ஜியத்தை ஒட்டிய நாள்தான் மோசம். மைனஸ் 25ல் பனி வறண்டு, மணல் மாதிரி நறநறவென்று இருக்கும், டயர் பிடிக்கும். பூஜ்ஜியத்தில் பனிக்கட்டியின்மேல் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும். கறுப்பு ரோடு ஈரமாக இருக்கிற மாதிரி தெரியும், அது ஈரம் இல்லை, கண்ணாடி மாதிரி உறைந்த பனிக்கட்டி. பாலத்தின்மேல் முதலில் உறையும், மேலும் கீழும் காற்று அடிப்பதால். உப்பும் எல்லா நாளும் உதவாது. மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு வேலை செய்வது குறைந்துவிடும், அப்போது அங்கே மணல்தான் தூவுவார்கள்.

சக்கரம் பனியில் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சுற்ற விடக் கூடாது. வயலில் மாட்டினால் நாம் சக்கரத்துக்கடியில் வைக்கோல் போடுவோம் இல்லையா? அதே முறைதான். டிக்கியில் ஒரு மூட்டை மணல் இருக்கட்டும், சக்கரத்துக்கு முன்னால் தூவி, முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டி எடுக்க வேண்டும்.

டயர் காற்றையும் மாதம் இரண்டு தடவை பார்க்க வேண்டும். 20 டிகிரி இருக்கும்போது 32 பாயிண்ட் வைத்தால், மைனஸ் 20 வரும்போது ஓட்டை எதுவும் இல்லாமலே 25க்கு வந்துவிடும். அப்புறம், ஒரு நாள் காலையில் உங்களுக்குப் போன் செய்து, டயர் சதுரமாகிவிட்டது, திம் திம் என்று அடிக்கிறது என்று சொல்லுவாள். பயப்படாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற இடத்தில் டயர் தட்டையாக இறுகியிருக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் உருண்டையாகிவிடும்.

முதல் பனி விழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலியாக இருக்கிற பெரிய பார்க்கிங்கில் கொண்டுபோய், இருபது வேகத்தில் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்திப் பார்க்கட்டும். அந்த உதறலை ரோட்டில் முதல் தடவை உணரக் கூடாது.

வலங்கைமான் டிரைவர் (நவம்பர் 17)

உங்கள் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். அக்டோபர் 11ஆம் தேதி நான்கு டயரும் ரிம்மோடு மாட்டிவிட்டாள். கடைக்காரர் மலையும் பனிப்பூவும் உள்ள டயரைத்தான் கொடுத்தார், போட்டோ அனுப்பினாள். ஹீட்டர் ஒயர் மாற்றியாகிவிட்டது. பேட்டரிக்கு ஐந்து வருஷம் ஆகியிருந்தது, சோதித்ததில் பலம் போதாது என்று வந்தது. திருவாரூர் தம்பி சொன்னபடி புதுசு போட்டுவிட்டாள். அடியில் துருத் தடுப்பும் அடித்தாயிற்று. கடலை உருண்டைக்கு வீட்டில் வறுத்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் ஒருவர் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறோம்.

போன சனிக்கிழமை அங்கே நல்ல பனி. நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கடையின் பார்க்கிங்குக்குப் போய், போனை டேஷ்போர்டில் நிறுத்தி என்னையும் பார்க்க வைத்தாள். இங்கே ராத்திரி எட்டு மணி. வெளியே கார்த்திகை மழை, அங்கே கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. "இப்ப அழுத்தறேன்பா" என்றாள். அந்தக் கடகடச் சத்தம் எனக்குப் போனிலேயே கேட்டது. காலை எடுத்துவிட்டாள். இன்னொரு தடவை என்றேன். மறுபடியும் எடுத்துவிட்டாள். நான் கற்றுக்கொடுத்ததுதான் அது, அவள் தப்பு இல்லை. எடுக்காதே, அழுத்து, அழுத்து என்று இங்கே நானும் வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே சொன்னேன். ஏழாவது தடவை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கையும் திருப்பி, ஒரு கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போய் நிறுத்தினாள். அதற்குப் பிறகும் பத்துப் பன்னிரண்டு தடவை செய்யச் சொன்னேன்.

இன்று விடியற்காலை டியூட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று மெசேஜ் வந்தது. கிளம்பும்போது வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன், சைலன்சர் வாயைப் பார்த்தேன் என்றும் எழுதியிருந்தாள். மன்னார்குடி மகளுக்கு என் வீட்டிலிருந்து நன்றி சொல்லச் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். இந்த டயரை எப்போது கழற்ற வேண்டும்? மார்ச்சில் வெயில் வந்துவிடும், அப்போதே கழற்றினால் தேய்மானம் குறையும் என்று அவள் நினைக்கிறாள்.

நன்னிலத்தான் (நவம்பர் 17)

மார்ச்சில் வேண்டாம் ஐயா. மார்ச்சில் பகலில் உருகி ராத்திரியில் உறையும், நான் சொன்ன கண்ணாடி ரோடு அப்போதுதான் அதிகம். ஏப்ரலிலும் ஒரு பெரிய பனி விழுவது அங்கே சாதாரணம். காலையில் அவள் கிளம்புகிற நேரத்தில் தொடர்ந்து ஒரு வாரம் 7 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கழற்றலாம். சித்திரை பிறந்து, இங்கே நீங்கள் பாடைகட்டி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அதற்கு இரண்டு வாரம் கழித்து அவளுக்குப் போன் செய்து கேளுங்கள், அப்போது பார்க்கலாம்.